தகப்பன் பெயர் இருந்த கட்டம்

அத்தியாயம் 14

பதினேழு வெள்ளி ஐம்பது காசு. பத்து வெள்ளி நோட்டு ஒன்று, ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று, ஒரு வெள்ளி நோட்டு இரண்டு, ஐம்பது காசு நாணயம் ஒன்று. குகன் இரண்டு முறை எண்ணிப் பழைய உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினான்.

நாற்பது வருடக் கடன். அவனுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அம்மா மாரியாயி அவன் தலையில் ஏற்றி வைத்தது. சம்பாதிக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக இதை ஐயா வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவனும் பதினாறு வயதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் உறையோடு போய் நின்றான். ஐயா ஒரு முறைகூட வாங்கவில்லை.

"இப்ப என்ன அவசரம்? அடுத்த தீபாவளிக்குக் கொண்டா லா," என்று சிரித்துக்கொண்டே உறையை அவன் பைக்குள் திருப்பிச் செருகிவிடுவார். அன்று காகிதமாக இருந்த ஒரு வெள்ளி இன்று பிளாஸ்டிக் ஆகிவிட்டது. தொகை மட்டும் மாறவில்லை.

இப்போது வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை.

ஐயா என்றால் ஒய்.பி., மாண்புமிகு வேலாயுதம். பந்திங் தோட்டப் பக்கம் தொழிற்சங்கக் குமாஸ்தாவாகத் தொடங்கி, நான்கு தவணை சட்டமன்றத்தில் உட்கார்ந்து, கடைசிவரை பிரிக்பீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்து, போன வருடம் இதே மாதம் கண்ணை மூடியவர். அவர் சவப்பெட்டி படியிறங்கிய அன்று கடைக்காரர்கள் யாரும் சொல்லாமலே பாதிக் கதவை இறக்கினார்கள். பூக்கடைகளில் மாலைக்குக் காசு வாங்கவில்லை. இன்று அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாள். மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம், நினைவு மலர் வெளியீடு.

குகனுடைய நீல ஐசியில், குடிமக்களுக்குத் தரும் அடையாள அட்டையில், தகப்பன் பெயர் வரும் இடத்தில் வேலாயுதம் என்று இருக்கிறது. அந்த வேலாயுதம் எந்த வேலாயுதம் என்பது கிள்ளானிலும் பந்திங்கிலும் டீ ஆறும்வரை பேசிப் பேசிச் சலித்த சங்கதி. ஒரு தேர்தலில் எதிராளிகள் குகனின் பிறப்புப் பத்திரத்தை நகலெடுத்து விளக்குக் கம்பம் தவறாமல் ஒட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன் எழுந்து நேராகவே கேட்டான். ஐயா தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். அந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஐயாவின் மூத்த மகள் லோகேஸ்வரி முதன்முறையாகக் குகனைத் தொலைபேசியில் அழைத்தாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், ஐசியும் கையில் இருக்க வேண்டும் என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. "வந்துடுங்க, மிஸ்டர் குகன்," என்று வைத்துவிட்டாள். இரண்டு ராத்திரியாகக் குகன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

அவன் மனைவி மலர்விழிக்கு அந்த அழைப்பில் சந்தேகம் எதுவும் இல்லை. தங்கள் மகள் ஷாமினியின் பூப்பு நீராட்டு விழாவுக்கு எடுத்த பட்டை எடுத்து உடுத்திக்கொண்டாள். அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்ற வைத்து வேறு சட்டை தேய்த்துக் கொடுத்தாள். உறை அந்தப் பைக்கு மாறியது.

"உயில்ல உங்க பேரு இருக்குங்க. இல்லாட்டி ஐசி எதுக்குக் கேக்கறாங்க?"

உயில் எழுதுகிற அளவுக்கு ஐயாவிடம் என்ன இருந்தது என்று குகன் கேட்டான். சொத்து வேண்டாம், பேர் போதும் என்றாள் அவள். போன வருடம் பெட்டியைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றபோது ஷாமினி கையில் ஒரு பந்தம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகத் தன் மகள் ஓரத்தில் நின்றதை மலர்விழி ஒரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறாள். இன்று முதல் வரிசையில் உட்காராமல் வரப்போவதில்லை என்று பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

குகன் படியிறங்கினான். துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய முழங்கால், இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும்.

கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். சனிக்கிழமையானாலும் உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டும்வரை மலர்விழி பேசிக்கொண்டே வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கேன்டீனில் ஒருத்தி மட்டும் நம்பவில்லையாம். அவளிடம் நாளைக்குப் போட்டோ காட்ட வேண்டுமாம். ஒரு கட்டத்தில் திரும்பி அவன் முகத்தைப் பார்த்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "அந்த மூக்கு ஒன்னு போதாதா? அச்சு அசல் ஐயா மூக்கு."

சுபாங் ஜெயாவில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். கதவு மூடியது. அந்த வீட்டு வாசலில் போய் இவள் அசிங்கப்படுவதைவிட ரயிலிலேயே நடந்துவிடட்டும் என்று குகனுக்குத் தோன்றியது.

"மலரு, ஐயா எங்கப்பா இல்ல."

அவள் கேட்கவில்லையோ என்று நினைத்தான். கேட்டிருந்தாள். கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றிருந்தது.

மெதுவாகச் சொன்னான். பதினெட்டு வயதில் அம்மா உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே சொன்னான். தகப்பன் தோட்டத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வந்த ஆள், கையில் ஒரு காகிதம் கிடையாது, குகன் பிறப்பதற்கு முன்பே போனவர் திரும்பவில்லை. பெயர் ராஜன். அதற்குமேல் அம்மாவுக்கே தெரியாது. அம்மாவின் காகிதங்களும் தோட்டத்து லயத்து வீட்டில் தீப்பிடித்தபோது எரிந்துபோயின. அப்பன் பெயர் இல்லாமல் அட்டை இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை ஐயா கூடப் போய்த் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"இருபத்து நாலு வருஷம்," என்றாள் மலர்விழி. "ஒரு நாளு வாயத் தொறக்கலையே."

"உங்கப்பா எங்கிட்ட ஐசியக் கேட்டு வாங்கிப் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு. அப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் எப்பச் சொல்றது?"

"எங்கப்பா ஐசியப் பாத்தாரு. நான் ஐசியவா கட்டிக்கிட்டேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் சுங்கை வே பக்கம் வந்தது. எத்தனை முறை இந்த வழியாகப் போனாலும் இந்த இடத்தில் அவள் கையை நீட்டி, கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் தான் வேலை செய்த அச்சகம் இருந்த திசையைக் காட்டுவாள். தாள் மடித்து, கம்பி அடித்து, ஓரம் வெட்டிய கதையெல்லாம் சொல்வாள். அந்த அச்சகத்தின் கழிவுத் தாள்களைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டு வாங்கிவந்து அவள்தான் காகிதம் இல்லாததால் பள்ளிக்கூடம் போகாத அவனுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தாள். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. இன்று அவள் கையை நீட்டவில்லை.

பெட்டாலிங் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப அந்த மூக்கு?"

"ராஜன் மூக்கா இருக்கும்."

அவள் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா, அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. உடனே முகம் மாறியது. ஐசியை எதற்குக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பேர எடுக்கச் சொல்லப்போறாங்களா?"

அதுதான் இரண்டு ராத்திரியாக அவனையும் தின்றது. அப்பன் பெயர் பொய் என்றால் பத்திரம் பொய். பத்திரம் பொய் என்றால் ஐசியும் பொய் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய அடுக்குமாடியிலேயே குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு ஒருவர் இருக்கிறார். அறுபது வயது, பிறந்தது இந்த மண். அவர் பிள்ளைகள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இன்னமும் வரிசையில் நிற்கிறார்கள். ஷாமினிக்குப் புதன்கிழமை ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணல். கொண்டுபோக வேண்டிய காகிதங்களில் முதலாவது, தகப்பனின் பிறப்புப் பத்திரம்.

ஐயா வீட்டுக்கு மூன்று மாடி ஏறினார்கள். லோகேஸ்வரியே கதவைத் திறந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஐம்பது வயது, கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், மைலோ கலக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள், பிறகு தானே போய்க் கலக்கிக்கொண்டு வந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை என்று மலர்விழிக்குத் தெரிந்தது. அதுவே அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

கூடத்தில் ஐயாவின் படம், சந்தன மாலையோடு. அதன் கீழே சுவரோரமாக ஐந்து அட்டைப் பெட்டிகள். அச்சகத்திலிருந்து நேற்று வந்தவை, நான்கரை மணிக்கு மண்டபத்துக்குப் போக வேண்டியவை. லோகேஸ்வரி மேல் பெட்டியிலிருந்து ஒரு நினைவு மலரை எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்துக் குகன் மடியில் வைத்தாள்.

இரண்டு பக்கமும் சேர்த்துப் பெரிதாக ஒரு கையெழுத்துக் கடிதம். ஓரத்தில் பன்னிரண்டு வயதுக் குகனின் படம், அவனுடைய பிறப்புப் பத்திர நகல்.

"போன மாசம் அப்பா அலமாரியத் தொடச்சப்ப கெடச்சது. படிங்க," என்றாள். அவள் குரல் நடுங்கியது. அது சந்தோஷ நடுக்கம்.

குகன் விரலை வைத்தான். அவன் படிப்பது அப்படித்தான், விரல் போகும், பின்னால் கண் போகும், அதற்கும் பின்னால் உதடு போகும். லோகேஸ்வரிக்குக் காத்திருக்க முடியவில்லை. பேசிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்தில் அவளை மற்ற பிள்ளைகள் பந்திங் அண்ணன் எப்படி இருக்காரு என்று கேட்டு ஓட்டியதை, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுத்ததை, அப்பா இறந்த வீட்டிலேயே இரண்டு பேர் அதைப் பேசியதை எல்லாம் சொன்னாள். இன்று மேடையில் இந்தக் கடிதத்தை அவளே படிக்கப்போகிறாள். குகன் பக்கத்தில் வந்து ஐசியைத் தூக்கிக் காட்டி, ஐயா தன் தகப்பன் இல்லை, தனக்காகப் பெயர் கொடுத்தவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் ஐசி. அப்பாவின் பெயர் துடைத்துவிட்டமாதிரி ஆகிவிடும்.

குகனின் விரல் கடைசி வரிகளுக்கு வந்து ஓரிடத்தில் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

அந்த வரிகள் இவை: குகன் நான் பெற்ற பிள்ளை அல்ல. மாரியாயி எனக்குத் தங்கை மாதிரி. பையனுக்கு அட்டை கிடைக்க என் பெயரைப் போட்டேன். இது என் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

"இங்க 'மட்டும்'னு போட்டிருக்காரு," என்றான் குகன்.

லோகேஸ்வரி தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அந்தக் கடிதத்தை அவள் நூறு முறையாவது படித்திருப்பாள். அச்சுப் பிழை திருத்தியிருப்பாள். அந்தச் சொல்லின்மேல் கால் படாமல் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறாள்.

நிமிர்ந்து, அது அந்தக் காலத்து நிலைமை என்றாள். நாற்பது வருடம் ஆகிவிட்டது, இனிமேல் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றாள். சொல்லும்போதே அவள் சத்தம் இறங்கியது.

மலர்விழிதான் பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஷாமினியின் புதன்கிழமையைச் சொன்னாள், கேட்கிற காகிதங்களைச் சொன்னாள், அடுக்குமாடியில் இருக்கும் சிவப்பு ஐசிக்காரரைச் சொன்னாள். கடைசியில், "ஐயா பேரு தொடச்ச மாதிரி ஆயிரும், சரி. தொடச்ச துணி எங்க புள்ள தானேங்க?" என்றாள்.

லோகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள், போட்டாள். அவளுக்கும் விட மனமில்லை.

"அப்ப எங்கம்மா? நாப்பது வருஷம் தலையக் குனிஞ்சுட்டு நடந்தாங்களே. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் எப்பக் குனிஞ்சேன்?"

சமையல்கட்டு வாசலில் ஐயாவின் மனைவி நல்லம்மாள் நின்றிருந்தார். எழுபத்தேழு வயது. படையலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், கையில் பாத்திரத்தோடு அப்படியே வந்திருந்தார். குகன் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, உரிப்பதை விடாமலே பேசினார்.

அந்தக் காலத்தில் அவர்கள் பந்திங்கில் சங்கக் குடியிருப்பில் இருந்தார்கள். மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பப்பட்ட மாரியாயி பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ரப்பர் பால்வெட்டுச் சட்டைகூட மாற்றவில்லை. ஐயா உடனே காகிதத்தை எடுத்து அமைச்சருக்கு மனு எழுதத் தொடங்கினார். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நல்லம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"மனுவுக்குப் பதிலு வர்றதுக்குள்ள பையனுக்கு மீசை மொளச்சிரும். உங்க பேரப் போட்டுட்டு வாங்கன்னேன். நாந்தான் சொன்னேன். அவரு ஒரு நாளு முழுக்க யோசிச்சாரு. ஊரு என்ன பேசும்னாரு. ஊரு பேசிட்டு வீட்டுக்குப் போயிரும், இந்தப் பையன் எங்க போவான்னேன்."

லோகேஸ்வரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"ஒனக்கு அப்பப் பத்து வயசு. சொன்னா மறுநாளு ஸ்கூலு பூரா தெரிஞ்சிரும். அப்புறம் நீயும் கேக்கல, நானும் சொல்லல. இப்படியே ஆகிப்போச்சு."

"தேர்தல்ல தோத்தாரே ம்மா. அப்பவாச்சும்."

"தோத்தா ராத்திரி வீட்டுல சோறு திம்பாருன்னு நெனச்சேன்," என்றார் நல்லம்மாள். "ரெண்டு மாசம் தின்னாரு. அப்புறம் பழையபடி."

லோகேஸ்வரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. யாரும் தேற்றப் போகவில்லை. அம்மாவின் கை மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தது. அழுது முடித்துப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அந்த ஐந்து பெட்டிகளைப் பார்த்தாள். ஐந்நூறு பிரதி. மணி ஒன்றே கால். ஐந்து மணிக்குக் கூட்டம். வருகிறவர்கள் கையில் மலரைக் கொடுக்காமல் இருக்க முடியாது, விழாவே அதற்குத்தான்.

மலர்விழி குகன் மடியிலிருந்த மலரை எடுத்தாள். விலைப் பட்டியலைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை, பழைய கூட்டாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முதுகைத் தடவினாள். கம்பி இரண்டு. நடுவில் பிரித்தாள்.

"இது நடுத்தாளுங்க," என்றாள். "ரெண்டு கம்பியையும் நிமித்திட்டு உருவினா தனியா வந்துரும். மறுபடி மடக்கிட்டா எடுத்ததே தெரியாது. ஒரு மொட்டைக் கத்தி குடுங்க."

வெண்ணெய் தடவும் கத்தியைக் கொண்டுவந்தாள் லோகேஸ்வரி. மலர்விழி கம்பியின் இரண்டு காலையும் தூக்கினாள், தாளை உருவினாள், கட்டைவிரலால் கம்பியை அமுக்கினாள். மூன்று மூச்சு நேரம்கூட ஆகவில்லை. மலரை மூடி நீட்டினாள். லோகேஸ்வரி புரட்டிப் பார்த்தாள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கியாகிவிட்டது, அதுவும் சேர்ந்து போய்விடுமே என்று தயங்கினாள்.

"நகைக்கடைக்காரர் வந்து கேட்டா எங்கிட்ட அனுப்புங்க," என்றாள் மலர்விழி.

பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். குகன் பெட்டியைப் பிரித்து இருபது இருபதாக அடுக்க வேண்டும். அவளும் லோகேஸ்வரியும் கம்பியை நிமிர்த்தி உருவ வேண்டும். நல்லம்மாள் நாற்காலியில் இருந்தபடியே கம்பியை மடக்கி அமுக்க வேண்டும், தையல் மிஷினில் ஊசி மாட்டிய விரல் அதற்குச் சரியாக வரும். கல்லூரியில் நூறு பேரை அடக்கும் லோகேஸ்வரி முதல் பத்துப் பிரதிகளில் மூன்றைக் கிழித்தாள். மலர்விழி முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. கிழிந்ததைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, இப்படி, கத்தியைப் படுக்கவைங்க என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டாவதிலிருந்து லோகேஸ்வரிக்கும் கை பழகிவிட்டது.

உருவிய தாள்கள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வயதுக் குகன், தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சட்டை, வளர்ந்து போடட்டும் என்று ஐயா மகன் சுகுமாறனுக்குப் பெரிதாகத் தைத்து வைத்திருந்தது என்று நல்லம்மாள் வேலையினூடே சொன்னார். போட்டோ எடுக்க அதைக் கொடுத்ததற்கு மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

மூன்று மணிக்கு நல்லம்மாள் எல்லோருக்கும் சோறு போட்டார். அப்படியே தரையில், தாள் குவியலுக்கு நடுவில் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது லோகேஸ்வரி ரசத்தை நகர்த்தி, "ஊத்திக்குங்க, அண்ணே," என்றாள். தெருவில் லோரிக்காரரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் குகன் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிக்கொண்டான்.

நான்கு மணி பத்துக்குக் கடைசிப் பெட்டி தீர்ந்தது. குகன் அடுக்குகளை எண்ணினான். கிடங்கில் எண்ணிப் பழகியவன், கணக்கு ஒரு முறையில் முடிந்துவிடும். இன்று இரண்டாம் முறை எண்ணினான். பிறகு மூன்றாம் முறை.

"நானூத்தி எண்பத்தெட்டு," என்றான். "பன்னண்டு கொறையுது."

கிழிந்ததையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தான். பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். லோகேஸ்வரி நெற்றியில் கைவைத்தாள். காலையில் சுகுமாறன் வந்து, பத்திரிகைக்காரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று மேல் பெட்டியைப் பிரித்து அள்ளிக்கொண்டு போயிருந்தான். எத்தனை என்று அவள் கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை அணைத்து வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

மலர்விழி உருவிய தாள்களை ஒரு பெட்டியில் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். நெருப்பு வைத்தால்தான் தன் மனம் ஆறும் என்றாள். மண்டபத்தில் வாசலிலேயே நின்று சுகுமாறனை மடக்குவதாக லோகேஸ்வரி சொன்னாள். அவன் கையில் இன்னும் பன்னிரண்டும் இருந்தால் பிழைத்தோம். அவள் குரலில் உறுதி இருந்தது, முகத்தில் இல்லை. லோரிக்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கக் கீழே இறங்கினாள்.

குகன் ஐயாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றான். சட்டைப் பொத்தானைக் கழற்றி உறையை எடுத்தான். வேர்வையில் உறையின் ஓரம் ஊறியிருந்தது. இந்த நாளில் இதைச் செய்யலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் புதன்கிழமைக்குள் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும், இது ஒன்றாவது முடியட்டும் என்று இருந்தது. உறையைப் படத்தின் கீழே விளக்குப் பக்கம் வைக்கப் போனான்.

"அங்க ஏன் வெக்கிற? இங்க கொண்டா," என்றார் நல்லம்மாள். "அது என் காசு."

குகன் திரும்பினான்.

"அவரு சட்டைப் பையில என்னைக்குக் காசு இருந்துச்சு? பதிவுக்குக் கட்டுனது, போட்டோவுக்கு, மூணு பேரு பஸ்ஸு. எல்லாம் நான் ஜாக்கெட்டு தச்சு வெச்சிருந்தது. எண்ணித்தான் ஒங்கம்மா கையில குடுத்தேன்."

அப்படியானால் ஐயா ஏன் ஒரு முறையாவது அதைச் சொல்லவில்லை என்று குகன் கேட்டான். முப்பத்தைந்து தீபாவளிக்கு மேலே உறையை நீட்டியிருக்கிறான். நல்லம்மாளிடம் கொடு என்று ஒரு வார்த்தை போதுமே.

நல்லம்மாள் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வாங்கிருவேன்னு அவருக்குத் தெரியும். வாங்கிட்டா நீ வராமப் போயிருவேன்னு பயம். தீபாவளிக்கு மொத நாளே கேப்பாரு, குகன் வருவான்ல, குகன் வருவான்லன்னு. நானும் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் கையை நீட்டினார். மொச்சை உரித்து, கம்பி மடக்கி, விரல் நுனியெல்லாம் கறுத்துச் சிவந்திருந்தது. குகன் உறையை அந்தக் கையில் வைத்தான். அவர் அதைப் பிரித்தார். பத்து, ஐந்து, ஒன்று, இன்னொன்று. காசை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றையும் தள்ளவில்லை, ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அத்தனையையும் முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கீழே லோரி ஹாரன் அடித்தது. மலர்விழி புடவையைச் சரிசெய்துகொண்டு முதல் பெட்டியைத் தூக்கினாள்.

"சரியா இருக்கு," என்றார் நல்லம்மாள். "கடன் முடிஞ்சிருச்சு, குகா. இனிமே சும்மா வா."